ஏழாவது ஆள்

அத்தியாயம் 11

போகி அன்று காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குக் கோரைமேடு துணைமின் நிலையத்தில் டெலிபோன் அடித்தது. யார் என்று இளமதிக்குத் தெரியும்.

"கோரைமேடு சப்-ஸ்டேஷன்."

"லைன் இன்ஸ்பெக்டர் ஞானசேகரன் பேசறேன். முகத்துறை ஃபீடருக்கு எல்.சி. வேணும்."

"சொல்லுங்க சார்."

அவர் அவளுடைய அப்பா. அவள் அவருக்கு ஒரே மகள். இரண்டு வருடமாக இருவரும் பேசிக்கொள்வது இப்படித்தான்.

சிதம்பரம் பதிவாளர் அலுவலகத்தில் அன்பரசுவைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் வந்த அன்று, மாப்பிள்ளையின் தெருவைச் சொல்லி ஞானசேகரன் கதவைச் சாத்தினார். அதன் பிறகு இரண்டு பொங்கலுக்கும் தாய்வீட்டுச் சீர் வரவில்லை. அவளும் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் வந்து மாவட்டத்தில் இருந்த கம்பங்களையெல்லாம் படுக்க வைத்துவிட்டுப் போனது. பதினைந்து நாளாக அப்பாவும் மகளும் ஒரு நாளைக்குப் பத்து தடவை பேசுகிறார்கள். பேசுவதெல்லாம் கம்பத்தைப் பற்றி.

எல்.சி. என்றால் லைன் கிளியர். கம்பத்தில் ஏறுகிறவர்கள் சப்-ஸ்டேஷனில் கேட்டு வாங்க வேண்டும். பணியில் இருப்பவர் சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். வாங்கியவர் பெயர், நேரம், ஆள் எண்ணிக்கை எல்லாம் ரிஜிஸ்டரில் ஏறும். தவறிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்கு இறக்கிவிட, ஏறுகிறவர்கள் கம்பியில் ஷார்ட் சங்கிலி மாட்டிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் வாங்கியவரேதான் எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு யார் சொன்னாலும் சுவிட்ச் ஏறாது.

"எத்தனை பேர் சார்?"

"ஆறு."

எழுதும்போது அவள் பேனா ஒரு கணம் நின்றது. விடியற்காலை அன்பரசு அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டபோது, இன்றைக்கும் உங்கப்பா கேங்கில்தான் வேலை என்று சொல்லியிருந்தான். உப்பங்கழி ஓரத்துக் கம்பங்களில் ஏற வேறு ஆள் இல்லையாம். கிள்ளையில் அவர்கள் குடியிருந்த தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அதனால் தன் செல்போனை அவள் மேசையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போனான். அது மூலையில் கிடந்தது.

ஆறு நிரந்தர ஆட்கள். அவன் ஏழாவது. கான்ட்ராக்ட் ஆள்.

கான்ட்ராக்ட் ஆளை எல்.சி.யில் எண்ணுவதில்லை. அடையாள அட்டை இல்லாதவன் கம்பத்தில் ஏறக் கூடாது என்பது விதி. அவன் ஏறாமல் வேலை நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அவனை எழுதாமல் விட்டுவிடுவார்கள். எழுதாவிட்டால் ஏறவில்லை என்று அர்த்தம். இளமதியும் மூன்று வருடமாக அப்படித்தான் எழுதி வந்தாள். அன்றும் ஆறு என்றே எழுதினாள். எழுதிவிட்டு, ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

"எல்.சி. நம்பர் பதினேழு. மணி எட்டு பதினஞ்சு" என்று சொல்லிப் போனை வைத்தாள். யார்டுக்குப் போய் சுவிட்சைப் பூட்டி, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற சிவப்புப் பலகையை மாட்டினாள். சாவியைப் புடவை மடிப்பில் குத்தியிருந்த ஊக்கில் கோத்துக்கொண்டாள்.

*

முகத்துறைக்குப் போகும் வழியில் போகிப் புகை இல்லை. கொளுத்துவதற்குப் பழைய பாய்கூட மிஞ்சாத குடிசைகள் அவை.

அன்றைக்கு மூன்று மணிக்கு முகத்துறையில் கரண்ட் கொடுத்தாக வேண்டும் என்பது உத்தரவு. கடலூரிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். பொங்கலுக்கு முன்னால் மீனவர் குப்பத்தில் விளக்கு எரிவதைப் படம் எடுக்கப்போகிறார்கள். ஃபீடர் லைனில் மற்ற கம்பங்களெல்லாம் நட்டாகிவிட்டது. பாக்கி இருந்தது சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கழிக்கரை வரை போகும் கிளை லைன் மட்டும். ஒன்பது கம்பம். சேற்றில் முழங்கால் புதையும்.

ஞானசேகரன் அந்தப் பக்கம் கை காட்டினார். அன்பரசு நாலடி தள்ளித்தான் நின்றான். ஆனாலும் அவர் சார்லஸைப் பார்த்துத்தான் பேசினார்.

"கடைசிக் கம்பத்துல பீங்கான் இன்சுலேட்டர் உடைஞ்சிருக்கு. அந்த ஆளை ஏறி மாத்தச் சொல்லு."

வயர்மேன் சார்லஸ் திரும்பினான். "மச்சான், கடைசிக் கம்பமாம். காதுல விழுந்துச்சா, இல்ல மறுபடி ஒலிபரப்பணுமா?"

"விழுந்துச்சு மச்சான். எறங்கறதுக்கும் நீதான் வந்து சொல்லுவியா?"

"பின்ன, கிளி ஜோசியக்காரனா வருவான்?"

மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஞானசேகரன் காதில் விழாத மாதிரி கம்பியை அண்ணாந்து பார்த்தார். மூன்று நாளாக இதே ஏற்பாடுதான். ஏறு, இறங்கு, கம்பியை இழு, விடு, எல்லாம் சார்லஸ் வழியாகத்தான் போகும். அன்பரசு பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் போனான். எட்டு வருடமாக ஏறுகிறவன். ஐ.டி.ஐ. முடித்தவன். அந்தக் கேங்கில் அவனளவு சுத்தமாக வேலை செய்கிறவர் இல்லை என்பது ஞானசேகரனுக்கே தெரியும். அதை அவர் சார்லஸ் வழியாகக்கூடச் சொன்னதில்லை.

ஒரு மணிக்கு ஜீப் வந்தது. உதவிச் செயற்பொறியாளர் உத்திராபதி இறங்காமலே பேசினார். முகத்துறைப் பந்தலில் சீரியல் விளக்குக் கட்ட ஒரு வயர்மேன் வேண்டும் என்றார். ஞானசேகரன் தலையாட்டினார். சார்லஸ் ஏறிக்கொண்டான்.

ஜீப் போய்விட்டது. இறங்கு என்று சொல்ல வேண்டிய வாயும் அதோடு போய்விட்டது. அது யாருக்கும் தோன்றவில்லை.

*

இரண்டு நாற்பதுக்கு டெலிபோன் அடித்தது.

"எல்.சி. பதினேழு ரிட்டர்ன். ஷார்ட் சங்கிலி எடுத்தாச்சு. ஆளுங்க எறங்கியாச்சு. லைன் போடலாம்."

குரல் அப்பாவுடையது. நம்பர் சரி. விதிப்படி இதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. இளமதியின் கண் பென்சில் கோட்டில் நின்றது.

"எத்தனை பேர் எறங்கியிருக்காங்க சார்?"

"ஆறு. ஆறு பேருக்குத்தானே எல்.சி. வாங்குனேன்? அஞ்சு பேரு எதிர்ல நிக்கிறாங்க. சார்லஸ் பந்தலுக்குப் போயிருக்கான்."

"லைன்ல ஏறுனது ஏழு பேர்."

அவர் நிதானமாகச் சொன்னார். "கான்ட்ராக்ட் ஆளு கணக்குல வராது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். இன்னிக்கு வரணும். எறங்கிட்டாரா?"

"எறங்கியிருப்பான்."

"நீங்க பார்த்தீங்களா?"

அவள் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"பேரைச் சொல்லுங்க சார். பேரைச் சொல்லி, என் கண்ணால பார்த்தேன், கீழ நிக்கிறாருன்னு சொல்லுங்க. எழுதிட்டுப் போடறேன்."

"என் சர்வீஸ் முப்பத்தி நாலு வருஷம். என்கிட்ட இப்படி எந்த ஆபரேட்டரும் கேட்டதில்ல."

"கேட்டிருக்கணும்" என்றாள் இளமதி. "நானும் இத்தனை நாள் கேக்கல. தப்பு என் பேர்லயும் இருக்கு. இப்ப கேக்கறேன்."

அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த நிமிடமே உத்திராபதி பேசினார். பந்தலிலிருந்து பேசுகிறார் என்பது பின்னால் மைக் சோதிக்கிற சத்தத்திலேயே தெரிந்தது. பதினைந்து நாளாகத் தூங்காத குரல். எல்.சி. வாங்கியவரே திருப்பிக் கொடுத்த பிறகு எந்த அதிகாரத்தில் லைனை நிறுத்தி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அவள் காரணத்தைச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்கவில்லை.

"உன் வீட்டுச் சண்டையை என் ஃபீடர்ல போடாதே. உங்கப்பா வாயால உன் புருஷன் பேரைச் சொல்ல வைக்கறதுக்கு இதுவா நேரம்?"

அது அவளுக்குச் சுருக்கென்று பட்டது. அதில் உண்மையே இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"சார், நீங்க ஒரு பேப்பர்ல எழுதுங்க. ஏழாவது ஆள் எறங்கியாச்சு, லைன் போடலாம்னு. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. வந்த உடனே போடறேன்."

"நான் ஏன் எழுதணும்?"

"நான் மட்டும் ஏன் சார் போடணும்?"

உத்திராபதி குரலை இறக்கினார். கால் மணி நேரத்தில் வேறு ஆபரேட்டர் வருவான், அவனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போ, மீதியை மெமோவில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"சாவி என்கிட்ட இருக்கு."

"பூட்டை உடைக்கச் சுத்தியல் இருக்கு" என்று சொல்லி அவரும் வைத்தார்.

இளமதி எழுந்து போய் யார்டு கேட்டை உள்பக்கம் பூட்டினாள். கன்ட்ரோல் ரூமுக்குத் திரும்பியபோது மூலையில் அன்பரசுவின் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது. மதியத்திலிருந்து இது மூன்றாவது தடவை. திரையில் 'அத்தை' என்று இருந்தது. லால்பேட்டைப் பக்கம் அவனுக்கு ஒரு அத்தை உண்டு. பொங்கலுக்குக் கூப்பிடுவாளாக இருக்கும். அவள் அதை எடுக்கவில்லை.

*

"என் பொண்ணு என்னைக் கேள்வி கேக்கறா" என்று சொல்லிக்கொண்டே ஞானசேகரன் திரும்பினார்.

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் பழனிவேல்தான் வாயைத் திறந்தான். கேங்கில் அவன்தான் மூத்தவன்.

"இன்ஸ்பெக்டரே, அந்தத் தம்பியை நான் பதினொரு மணிக்கு மேல பாக்கல."

"சார்லஸ் எறக்கியிருப்பான்."

"சார்லஸை ஒரு மணிக்கு நீங்கதான ஜீப்ல ஏத்துனீங்க? அவன் தோப்புப் பக்கமே போகலியே."

ஞானசேகரன் சவுக்குத் தோப்பைப் பார்த்தார். பாதி மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அதற்கு அப்பால் கம்பி மட்டும் போவது தெரிந்தது. எங்கே போய் முடிகிறது என்று தெரியவில்லை. ஷார்ட் சங்கிலியைச் சற்று முன் அவர்தான் தன் கையால் எடுத்தார். அந்தக் கம்பிக்கும் கழிக்கரையில் தொங்குகிறவனுக்கும் நடுவில் இப்போது மகளின் இடுப்பில் இருக்கும் ஒரு சாவி மட்டும்தான்.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார். ஐம்பத்தேழு வயது. ஐந்தாவது கம்பத்தருகே சேறு காலை இழுத்துக் கீழே தள்ளியது. பழனிவேல் தூக்க வந்தபோது கையை உதறிவிட்டு எழுந்தார்.

*

சப்-ஸ்டேஷன் கேட்டில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. மாற்று ஆபரேட்டர் ஒருவன் முன்சீட்டில் இருந்தான். பின்னாலிருந்து சுத்தியலோடு குதித்தது சார்லஸ்.

"தங்கச்சி, கேட்டைத் தொற. இன்ஜினீரு பந்தல்ல குதிக்கறாரு. குதிக்கற குதியில பந்தலே விழுந்துடும்போல. போலீஸ் கூப்புடறேங்கறாரு."

இளமதி கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாள். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவரை எறங்கச் சொன்னீங்களா?"

"யாரை?"

"உங்க மச்சானை."

சார்லஸ் வாயைத் திறந்தான். சிரிப்பு பாதியில் இருந்தது, அப்படியே நின்றது. அவன் மனசுக்குள் மணியை எண்ணுவது முகத்தில் தெரிந்தது.

"நான் சொல்லலியே" என்றான். "என்னை ஒரு மணிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவுரா சொல்லியிருப்பாரு..." அதையும் அவனால் முடிக்க முடியவில்லை. ஞானசேகரன் சொல்லியிருக்க மாட்டார் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மாற்று ஆபரேட்டர் ஜீப்பிலிருந்து இறங்கி, பூட்டு எங்கே என்று கேட்டான்.

சார்லஸ் சுத்தியலைக் கேட்டுக்கு முன்னால் தரையில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். "பூட்டைத் தொட்டா மண்டையில போடுவேன்" என்றான். "உனக்கில்ல, எனக்கு. நான்தான் மறந்தவன். நீ போய் நிழல்ல நில்லு."

மணி மூன்று எட்டு. அதிகாரிகள் வந்திருப்பார்கள். இளமதி டெலிபோன் அருகே போய் நின்றாள். உட்காரவில்லை.

*

ஒன்பதாவது கம்பத்தின் உச்சியில் அன்பரசு பெல்ட்டில் சாய்ந்திருந்தான். ஒரு கை கம்பியில். இன்னொரு கை கட்டுக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்சுலேட்டர் வேலை பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. இறங்கச் சொல்லி ஆள் வரவில்லை என்பதால் பக்கத்துக் கட்டுகளையும் பிரித்து இறுக்க ஆரம்பித்திருந்தான். சொல்லாமல் இறங்கினால் அதுவும் குற்றம். நேற்று தண்ணீர் குடிக்க இறங்கியதற்கு, சார்லஸ் வழியாகத் திட்டு வந்தது.

ஞானசேகரன் தோப்பைத் தாண்டி வந்து அவனைப் பார்த்தார். கை எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏய்" என்று கத்தினார்.

கடல்காற்று எதிர்த் திசையில் அடித்தது. கழியில் இறால் வலை போடுகிறவர்கள் காலையிலிருந்து ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்பரசு திரும்பவில்லை. தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்க அவனுக்குக் காரணம் எதுவும் இல்லை.

"ஏய், தம்பி. மேல இருக்கறவனே."

கட்டுக் கம்பி ஒரு சுற்றுச் சுற்றியது.

பழனிவேலும் மற்றவர்களும் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். யாராவது ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். ஒருவரும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றேதான் நின்றார்கள் என்று பழனிவேல் பிறகு ஒரு நாள் ஒப்புக்கொண்டான்.

ஞானசேகரன் சேற்றில் இன்னும் பத்தடி நடந்தார். கம்பத்தில் ஒரு கையை வைத்து அண்ணாந்தார்.

"அன்பரசு."

முதல் தடவை அது வாயிலிருந்து சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை கழிக்கு அக்கரையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்பரசு குனிந்தான். கீழே முழுக்கச் சேறாக மாமனார்.

"சார்லஸ் எங்க?"

"போயிட்டான்."

"அப்ப எறங்கச் சொல்றது யாரு?"

"நான்தான் சொல்றேன். எறங்கு. கம்பியை விட்டுட்டு எறங்கு."

அவன் கருவிகளைப் பையில் போட்டு, பெல்ட்டைத் தளர்த்தி, அவசரமில்லாமல் இறங்கினான். கால் தரையில் பட்டதும் ஞானசேகரன் கம்பத்திலிருந்து கையை எடுத்தார். அதைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்பரசு எதிர்பார்க்கவும் இல்லை.

*

"கோரைமேடு சப்-ஸ்டேஷன்."

"எல்.சி. பதினேழு ரிட்டர்ன்." மூச்சு வாங்கியது. "ஆள் ஏழு. ஆறு பேரு காலையிலயே சொல்லிட்டேன். ஏழாவது ஆள் அன்பரசு. தகப்பன் பேரு தங்கராசு. கடைசிக் கம்பத்துல இருந்தான். என் கண்ணால பார்த்தேன். இப்ப எறங்கிட்டான்."

"முன்ன குடுத்த ரிட்டர்ன்?"

"அது பொய். அப்படியே எழுதிக்க."

இளமதி எழுதினாள். எழுத்து கோணியது. "அவர்கிட்ட செல்லைக் குடுங்க சார்."

கை மாறும் சத்தம் கேட்டது.

"நான் கீழதான் இருக்கேன் மேடம்" என்றான் அன்பரசு. "சாப்பாட்டு டப்பா மட்டும் மேல மாட்டிக்கிட்டு இருக்கு. அதுக்கும் எல்.சி. வேணுமா?"

அவள் போனை வைத்தாள். யார்டுக்குப் போனாள். சிவப்புப் பலகையை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். உள்ளே வந்து சுவிட்சைப் போட்டாள். அம்மீட்டர் முள் எழுந்து முப்பத்தைந்தில் நின்றது.

மணி மூன்று முப்பத்தொன்று. முகத்துறையில் பெரியவர்கள் அரை மணி நேரம் எரியாத விளக்குக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

*

ஐந்து மணிக்கு உத்திராபதி வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்த இளமதிக்கு ஏமாற்றம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

படித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். அட்டை இல்லாத ஆள் கம்பத்தில் ஏறியதாக வாரியத்தின் ரிஜிஸ்டரிலேயே இருக்கிறது. எல்.சி. வாங்கியவர் பொய் ரிட்டர்ன் கொடுத்ததாக இருக்கிறது. உங்கப்பாவுக்கு மே மாதம் ரிட்டையர்மென்ட். இந்தப் பக்கம் கடலூருக்குப் போனால் அவருக்குப் பென்ஷன் வராது, விசாரணைதான் வரும். எனக்கும் வரும். இந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வேறு எழுதலாம். சுவிட்ச் மெக்கானிசம் சிக்கிக்கொண்டது, அரை மணி தாமதம், ஆள் ஆறு. யாரும் சாகவில்லையே.

இளமதி ரிஜிஸ்டரைப் பார்த்தாள். அவர் சொல்லாமல் விட்ட ஒன்று அவளுக்குத் தெரிந்தது. எட்டு வருடம் கம்பம் ஏறிய அன்பரசுவிடம் அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. அவனை நிரந்தரமாக்கச் சொல்லிக் கொடுத்த மனுக்களெல்லாம், வேலை செய்ததற்கு அத்தாட்சி இல்லை என்று திரும்பி வந்தன. இப்போது இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், தேதி, கம்பம். அந்தப் பக்கம் இருந்தால் புருஷனுக்கு வேலை கிடைக்கலாம். இருந்தால் அப்பாவுக்குப் பென்ஷன் போகலாம்.

"மாத்த மாட்டேன் சார்."

"உங்கப்பாவைக் கேளு. ரிட்டர்ன் கட்டத்துல அவர் கையெழுத்து இன்னும் விழல. அவர் போடாத வரைக்கும் இது நீ எழுதுன கதை."

வாசலில் நிழல் தட்டியது. ஞானசேகரன் நின்றார். சேறு காய்ந்து பேண்டில் ஒட்டியிருந்தது. மூன்று வருடத்தில் அவர் யார்டு வரை வந்திருக்கிறார். மகள் உட்காரும் அறைக்குள் வந்ததில்லை.

"உன்கிட்ட பேச வரல" என்றார் மகளைப் பார்த்து. "கையெழுத்துப் போட வந்தேன்."

உத்திராபதி பேனாவை நீட்டி, அவசரப்படாதீர்கள், புதுப் பக்கத்தில் போடலாம் என்றார். வீட்டுக்காரம்மாவை நினைத்துப் பாருங்கள் என்றும் சொன்னார்.

ஞானசேகரன் தன் பாக்கெட்டிலிருந்தே பேனாவை எடுத்தார். கண்ணாடி இல்லாமல் எட்ட வைத்துப் படித்தார். 'ஏழு' என்ற இடத்தில் விரலை வைத்து, அதற்கு நேராகக் கையெழுத்துப் போட்டார். நேரமும் போட்டார்.

"ஆறுன்னு சொன்னது நான். இவ பேச்சைக் கேக்காம லைன் போட்டிருந்தா, இப்ப நான் பிணத்துக்கு ரிட்டர்ன் குடுத்திருப்பேன். விசாரணை வரட்டும் சார். சொல்றதுக்கு என்கிட்ட நிறைய இருக்கு. எட்டு வருஷமா எத்தனை ஏழாவது ஆளை ஏத்துனோம், யார் ஏத்தச் சொன்னாங்க, எல்லாம் சொல்றேன்."

உத்திராபதி ரிஜிஸ்டரைச் சட்டென்று மூடி அக்குளில் இடுக்கினார்.

"வெளிய எடுத்துட்டுப் போறதுன்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் ஞானசேகரன். இளமதி ஏற்கனவே ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்திருந்தாள். "எல்.சி. பதினேழு, ஆள் ஏழு, பேர் உட்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்" என்றாள்.

உத்திராபதி தாளைப் பார்த்தார். அப்பாவையும் மகளையும் பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் கடலூரில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஜீப் கிளம்பிப் போனது.

அறையில் இருவரும் மிஞ்சினார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இரைச்சல் கேட்டது. ஞானசேகரன் சுற்றிப் பார்த்தார். சிவப்புப் பலகை, அம்மீட்டர், மூலையில் சார்ஜில் இருந்த செல்போன்.

"அது அவனுதா?"

"ஆமா."

"கேட் பக்கத்துல நிக்கிறான். உள்ள வரச் சொன்னேன், டூட்டி ரூமுக்கு வெளியாள் வரக் கூடாதாம், சட்டம் பேசறான்." அவர் வயரைப் பிடுங்கி செல்போனை எடுத்துக்கொண்டார். "குடுத்துட்டுப் போறேன்."

இளமதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்பரசு கேட்டில் சாய்ந்து நின்றான். இடையில் சார்லஸ் இல்லை. அப்பா கேட்டை நெருங்கியிருப்பார், கையிலிருந்த போன் அடித்தது.

திரையில் 'அத்தை' என்று இருந்தது.

அவர் அதைப் பார்த்துவிட்டு அன்பரசுவிடம் நீட்டப் போனார். நீட்டிய கை அப்படியே நின்றது. பெயருக்குக் கீழே இருந்த நம்பரை எட்ட வைத்துப் படித்தார். கடைசி நாலு எண்ணை உதடு அசையச் சொல்லிப் பார்த்தார். அது அவர் வீட்டு நம்பர். பேசுவது அவருடைய மனைவி ராமாமிர்தமாகத்தான் இருக்க முடியும்.

அன்பரசு கேட்டிலிருந்து நிமிர்ந்தான். "மாமா, குடுங்க" என்றான். அவரை அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஞானசேகரன் கொடுக்கவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தி, ஒன்றும் பேசாமல், போனைக் காதில் வைத்தார்.